உணவறைக் கணினி

2024 பெப்ரவரி 13. லாசால் பகுதியில் உள்ள ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், எந்தக் கணினி எங்கே இருக்கிறதென்று காட்டும் பட்டியலை ஓராண்டாக எவரும் திருத்தவில்லை. உணவறைக் கணினியைத் தூக்கி வந்து அட்டை அழுத்தும் இயந்திரத்தை இயக்கப் பொருத்தியவர்களும் அதை மாடிக்குத் தெரிவிக்கவில்லை. பட்டியலை நம்பி, கணினி நிர்வாகி சாம்பவன் மாடியிலிருந்து மென்பொருள் புதுப்பிப்பை ஏவுகிறான். கணினி அணைகிறது, இயந்திரத்தின் பிடி தளர்ந்து இரும்புத் தட்டு, கீழே அட்டை வைத்துக்கொண்டிருந்த தொழிலாளி மேனுகாவின் வலக்கை மீது இறங்குகிறது. அலறல் கேட்டு ஓடிவந்த சாம்பவனின் கழுத்தைப் பிடித்து, அங்கேயே வேலை செய்யும் அவளுடைய தமையன் மார்க்கண்டு அவன் முகத்தைச் சுவரோடு மோதுகிறான். சாம்பவனின் மூக்குடைந்து இரத்தம் சட்டையில் வழிகிறது. “லிஸ்ற்றில சாப்பாட்டறைக் கொம்பியூட்டர் எண்டுதான் கிடந்தது, அண்ணை!” என்கிறான் அவன். “மேல குந்தியிருந்து பட்டன் அமத்துவாய், இறங்கி வந்து பாக்கக் காலில்லையோடா?” மார்க்கண்டு ஓங்கிய கை இறங்குகிறது. சாம்பவன் தடுக்கவில்லை; தட்டின் விளிம்பிலிருந்து வெள்ளை அட்டைமேல் சொட்டும் இரத்தத்தையே பார்க்கிறான். வாசகரே, பொத்தானை அழுத்துமுன் படியிறங்கிச் செல்லுங்கள்; அங்கே யாருடைய கை இருக்கிறதென்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.