கண்ணுக்கொரு படம்

"அவ தோள்ல நீங்க கை போட்டிருக்கது பளிச்சுன்னு தெரியுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆனந்தவல்லி செல்போனைக் கணவர் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரிட்டயர்டு ஏட்டு கண்ணுச்சாமி போனை எடுத்துப் பார்த்தார்; படத்தில் அவர் கை ஒரு பெண்ணின் தோளில் கிடப்பது போலத்தான் தெரிந்தது. தலை நிறைய முடியோடு தான் இருக்கும் ஒரே படமாயிற்றே என்று, பரணில் பழைய வியூவரோடு கிடந்த இரட்டைப் பிலிமை ராஜபாளையம் ஸ்டுடியோவில் ஸ்கேன் பண்ணக் கொடுத்திருந்தார். ஸ்டுடியோக்காரர் கௌதம்ராஜ் அதில் ஒரு படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப, அது நேராக இவள் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்ப, பொழுது போகாம செண்பகத்தோப்புக் காட்டுக்குத் தனியாத்தான் போனேன். அந்தப் பொம்பள யாரோ வெறகு பெறக்க வந்தவ. ரொம்பத் தள்ளி நிக்கா," என்று அடுப்படி வாசலில் நின்று சொல்லிப் பார்த்தார். பதிலுக்குப் பாத்திரம்தான் உருண்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு ஓடினார்.

"தம்பி, அவ தள்ளி நிக்கான்னு எப்படி நிரூபிக்க?"

"லேசுதான் ஏட்டையா. கண்ணுக்கு ஒண்ணா ரெண்டு லென்ஸ்ல எடுத்த படம் இது. பழைய பிலிம்ல இருந்த பூஞ்சையை ஸ்கேன்ல நீக்கிட்டேன். ரெண்டையும் திரும்பப் பிலிம்ல பதிச்சுத் தாரேன். ரெண்டு கண்ணையும் வச்சுப் பாக்குத உங்க பழைய வியூவர்ல போட்டுக் காட்டுங்க. யார் கிட்ட, யார் தூரம்னு அப்படியே தெரிஞ்சிரும்."

புதுப் பிலிம் கைக்கு வந்த அன்று, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்கினார். சர்வீஸில் இத்தனை பலமான சாட்சியை அவர் கோர்ட்டில் நிறுத்தியதே இல்லை.

ஆனந்தவல்லி வியூவரை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண்ணாலும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமா, அவ எங்கயோ பின்னால நிக்கா. உங்க கை அவ மேல படவே இல்ல. பாவம், யாரோ ஒருத்திய அம்புட்டுப் பேசிட்டேன்."

கண்ணுச்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அவள் இன்னும் வியூவரை இறக்கவில்லை. "கை நேரா முன்னால நீண்டு வருது. பக்கத்துல வான்னு கூப்பிடுத மாதிரி. எங்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சிரிச்சதில்லையே."

"அது... அப்ப சின்ன வயசுல்லா."

"தனியாத்தான போனீங்க?"

"சத்தியமா."

"அப்ப, போட்டோ எடுத்தது யாரு?"