அரையும் அரையும்

ஆய்வு மாணவிக்கு இயற்பியல் துறையில் இரண்டு வழிகாட்டிகள். எதிரெதிர் அறைகளில் இருந்த அந்தப் பேராசிரியர்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. நடுவே அவள்தான் தூது.

“ரெண்டு துகளோட கோண உந்தத்தைக் கூட்டுற கணக்கு முதல் அத்தியாயத்துல வரணும்னு மேடம்கிட்ட சொல்லு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “கடைசியிலதான் வரும்னு சார்கிட்ட சொல்லு. புரியலேன்னா என் கிளாஸ்ல வந்து உட்காரச் சொல்லு.”

வருஷக்கணக்கில் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்; ஆய்வேடு நகரவில்லை. பொறுக்க முடியாமல் துறைத் தலைவர் முன்னால் போய் நின்றாள்.

“வழிகாட்டியில ஒருத்தரை மாத்திடுங்க சார். எலெக்ட்ரான் ஒவ்வொண்ணுக்கும் சுழற்சி அரை. ரெண்டும் ஒரே பக்கமா சுத்தினா, கூட்டினா ஒண்ணு. எதிரெதிரா சுத்தினா பூஜ்யம். இவங்க ரெண்டாவது ரகம். சேர்ந்து உருப்படியா எதையும் உண்டாக்கினதா சரித்திரமே இல்ல.”

தலைவர் பேனாவை மூடிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கப்பாவும் அம்மாவும் சேர்ந்தா பூஜ்யம்தான்னா, இப்ப என் எதிர்ல நிக்கிறது யாரும்மா?”