ரெண்டு கிளாஸும் காலி

"அங்க பாரு, அந்தம்மா புருஷனோட கிளாஸையும் சேத்துக் காலி பண்ணிட்டாங்க!"

பக்கத்து மேசை மாட்டு வியாபாரி தன் கூட்டாளியிடம் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

வோண்டாவின் காதில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எதிரே அவள் கணவர் லைல் குசேரா. அமெரிக்காவின் ஒமாஹா நகரப் பத்திரிகை ஒன்றில் வெகுகாலமாக ஒயின் விமர்சனம் எழுதுகிறவர். அவர் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தால் ஊரில் ஸ்டேக் ஹவுஸ் என்கிற மாட்டுக்கறி ஹோட்டல் முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும். இன்று ஸ்கார்டெல்லா ஸ்டேக் ஹவுஸின் ஒயின் பட்டியலை எடைபோட வந்திருந்தார்.

முதலாளி நுன்ஸியோ ஸ்கார்டெல்லா தானே நின்று பரிமாறினார்.

"எப்படி சார் நம்ம லிஸ்ட்? நானூறு வகை. இந்த ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு?"

லைல் வாயைத் திறப்பதற்குள் வோண்டா முந்திக்கொண்டாள்.

"முதல் பத்துப் பக்கமும் லேபிளுக்குத்தான் விலை. கடையில நாப்பது டாலருக்கு விக்கிற பாட்டிலை நூத்தி எழுபதுன்னு போட்டிருக்கீங்க. கடைசிப் பக்கத்துல ஒரு போர்ச்சுகல் ஒயின் இருக்கே, அதுதான் உங்க கறியோட கொழுப்புக்கு ஈடு கொடுக்குது. அதோட பேர் யார் வாயிலயும் நுழையல. அதனால நியாயமா விலை வெச்சுட்டீங்க."

நுன்ஸியோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் சாரைக் கேட்டேன், மேடம்."

"அவ சொல்றது சரிதான்" என்றார் லைல், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

நுன்ஸியோ உள்ளே போய் ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டுவந்தார்.

"கலிஃபோர்னியா சரக்கு. எங்க லிஸ்டுக்கே ராஜா. குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுவோம். பில்லுல வராது."

"பில்லுல போடுங்க" என்றாள் வோண்டா.

இரண்டு கிளாஸிலும் ஊற்றினார். வோண்டா தன் கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே தள்ளி வைத்தாள்.

"கெட்டுப்போச்சு. நனைஞ்ச அட்டைப் பெட்டி நாத்தம். மூடியா இருக்கிற கார்க் ஒயினைக் கெடுத்திருக்கு."

மாட்டு வியாபாரி வெடித்துச் சிரித்தார். "இவ்வளவு உள்ள போனா எனக்கும் எல்லாமே அட்டைப் பெட்டியாத்தான் மணக்கும்!"

அந்தச் சிரிப்பு நுன்ஸியோவுக்குத் தைரியம் கொடுத்தது.

"மேடம், வந்ததுலேர்ந்து உங்க கிளாஸ், சாரோட கிளாஸ் ரெண்டையும் நான்தான் நிரப்பிட்டிருக்கேன். ரெண்டும் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? போதுமே. தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

வோண்டாவின் முகம் கழுத்து வரை சிவந்தது.

நுன்ஸியோ லைலின் பக்கம் திரும்பினார். "நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க சார். உங்க வாயால கெட்டதுன்னு சொன்னா, கீழ் அறையில இருக்கிற மிச்சப் பாட்டிலையும் சாக்கடையில கொட்டிடறேன்."

வோண்டா மேசைக்கு மேல் குனிந்து கிசுகிசுத்தாள். "அட்டைப் பெட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்திரு, லைல். வீட்டுக்குப் போயிடலாம்."

அந்த ஒரு வார்த்தை போதும். விஷயம் முடிந்துவிடும். லைல் கிளாஸைத் தூக்கினார். மூக்கு வரை கொண்டுபோகாமலே கீழே வைத்துவிட்டார்.

"இல்ல, வோண்டா. இன்னைக்கு முடியாது."

எழுந்து நின்றார். மாட்டு வியாபாரிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"மூணு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துது. அதோட மூக்கு போச்சு. ஒயினை வாயில வெச்சாலே கருகின ரப்பர் மாதிரி குமட்டும். என் கிளாஸ் நிரம்பியே இருந்தா நீங்கல்லாம் கண்டுபிடிச்சிடுவீங்க. அதுக்காகத்தான் இவ என் பங்கையும் குடிக்கிறா. குடிகாரின்னு உங்க வாயில விழுந்துக்கிட்டு."

"லைல், வேலை போயிடும்!"

"போனாப் போகட்டும். உன்னைப் பாத்து ஒருத்தன் சிரிக்க, நான் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

நுன்ஸியோ சுதாரித்துக்கொண்டார். "அப்போ இத்தனை நாளா ஊரையே ஏமாத்தியிருக்கீங்க! உங்க பத்திரிகை ஆசிரியர்கிட்ட சொல்லாம விடமாட்டேன்."

"ஏமாத்தினதுதான். தாராளமாச் சொல்லுங்க. ஆனா உங்க மூக்கு நல்லாத்தானே இருக்கு? முதல்ல இதை மோந்து பாருங்க."

நுன்ஸியோ வீம்பாகக் கிளாஸை எடுத்தார். மோந்தார். இன்னொரு முறை மோந்தார். பிறகு பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து, லேபிள் தெரியாமல் கைக்குள் வைத்துக்கொண்டார்.

மாட்டு வியாபாரி கத்தியும் முள்ளுமாகத் தன் கறியில் மும்முரமானார்.

லைல் மனைவியின் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார். வோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை நுழைத்தாள். "பைத்தியக்காரா" என்றாள்.

"ஆசிரியர்கிட்ட சொல்லும்போது இதையும் சேத்துச் சொல்லிடுங்க, ஸ்கார்டெல்லா" என்றார் லைல். "கட்டுரைக்கு மேல இனிமே வோண்டா குசேரான்னு போடட்டும். மூணு வருஷமா எழுதறதும் அவதான்."