ஏழு மஞ்சள் பனியன்

ஜீப் சத்தம் கேட்டதுமே இருசப்பன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டான். ரம்பம் பிடித்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்து ஊரின் கபடிக் குழுவுக்கு அவன்தான் கேப்டன். மெட்ராஸ் போட்டிக்குப் போகிறோம் என்று மேளம் கொட்டிக் கிளம்பிய ஏழு பேரும், சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டு இடஒதுக்கீட்டு மறியல் நடந்த அந்த வாரம் முழுவதும், உளுந்தூர்பேட்டை தாண்டிச் சாலையோரத்தில்தான் கிடந்தார்கள். ஊருக்கு இது தெரியாது. மெட்ராஸையே பார்க்காமல் திரும்பினோம் என்று எந்த முகத்தோடு சொல்வார்கள், பாவம்!

நல்லவேளை, கூடவே மாட்டிக்கொண்ட மெட்ராஸ் லாரி கிளீனர் ஒருவன், உட்கார்ந்த இடத்திலேயே பட்டணம் முழுவதையும் வாயால் சுற்றிக் காட்டிவிட்டான். வண்டிக் கண்ணாடியில் தொங்கிய சோழி மாலையையும் கழற்றிக் கொடுத்தான். அது இப்போது இருசப்பன் மனைவி செல்லியம்மாள் கழுத்தில் கிடக்கிறது. மெரினாவில் வாங்கியதாம்.

புளியமரத்தைப் பற்றியும் ரம்பத்தைப் பற்றியும் மூச்சு விடுவதில்லை என்று ஏழு பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். மரத்தடியில் ரம்பத்தோடு நின்றவன் சொல்வதை எந்தப் போலீஸ் நம்பும்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு எட்டு வருடமாகக் கரும்பு வெட்டுகிறவன் இருசப்பன். பெயரில் ஒரு கேஸ் ஏறினால் சர்க்கார் வேலையைக் கனவில்கூடப் பார்க்க முடியாது.

சப்-இன்ஸ்பெக்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வியாழக்கெழம மத்தியானம், உளுந்தூர்பேட்டைக்கு வடக்க, மஞ்சள் பனியன் போட்ட ஏழு பேரு. கையில ரம்பம். சாட்சி இருக்குது. நீங்கதானே?"

"மஞ்சள் பனியன் ஊருக்கு ஊரு இருக்குதுங்க. நாங்க மெட்ராஸ்ல இருந்தோம்."

"ரோடே அடைச்சுக் கெடந்துச்சு. பறந்தா போனீங்க?"

"மறியலுக்கு மொத நாளே போய்ட்டோங்க. மொத ஆட்டத்துலயே தோத்தாச்சு. திரும்பி வர பஸ் இல்ல. சரின்னு ஊரைச் சுத்திப் பார்த்துக்கினு இருந்தோம்."

"இன்னா பார்த்த?"

தண்ணீர்ச் சொம்போடு வந்த செல்லியம்மாள், கதை கேட்க அங்கேயே நின்றுவிட்டாள்.

"செத்த காலேஜுங்க." எழும்பூர் மியூசியத்துக்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர். "திமிங்கல எலும்பு ஒண்ணு, எங்க தெரு நீளத்துக்கு."

"உயிர் காலேஜு? சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல மிருகம்லாம் இருக்குமே?" அவர் கண்ணைச் சுருக்கினார்.

வலை என்று இருசப்பனுக்குப் புரிந்தது. "அது அப்போங்க. இப்ப வண்டலூருக்குக் கொண்டுபோய்ட்டாங்களே." மனதுக்குள் அந்தக் கிளீனரைக் கும்பிட்டுக்கொண்டான்.

"எல்.ஐ.சி.?"

"பதினாலு மாடிங்க. எண்ணி முடிக்கறதுக்குள்ள எங்க டீம் முனியனுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு. எண்ணெ போட்டு நீவி வுட்டோம்."

"கடலு?"

"உப்புங்க. முனியன் ஒரு வாய் குடிச்சுட்டு, இவ்ளோ உப்ப எவன்டா கொட்டுனான்னு கேட்டான்."

"எங்கிட்ட இத சொல்லவே இல்லியே" என்றாள் செல்லியம்மாள். பிறகு பெருமையாகச் சோழி மாலையைக் கழற்றி நீட்டினாள். "பாருங்க சார், அங்க வாங்கினது."

அவர் வாங்கி முகர்ந்தார். "இன்னாய்யா, டீசல் நாறுது?"

"கப்பல் வர்ற எடங்க" என்றான் இருசப்பன்.

"கையக் காட்டு."

காட்டினான்.

"கொப்புளம்?"

"கரும்பு வெட்டற கைங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, கையிலிருந்த பட்டியலில் அந்த ஊரின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

"நல்ல மனுஷன்யா நீ. மூணு ஊர்ல, நாங்கதான் அந்த ஏழு பேருன்னு வந்து நின்னானுங்க. ஒருத்தனுக்கும் ரம்பம் புடிக்கத் தெரியல. பொய் சொன்னதுக்கு உள்ள வெச்சிருக்கேன். உண்மையச் சொன்ன ஒரே ஆளு நீதான்."

இருசப்பனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. மரத்தில் ரம்பம் போட்டவன் நான்தான் என்று வலியப் போய் எவனாவது சொல்வானா?

செல்லியம்மாள் கேட்டே விட்டாள். "அப்பிடி இன்னாதான் சார் பண்ணாங்க, அந்த ஏழு பேரு?"

ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்:

"ரோட்டை அடைச்சுக் கெடந்த புளியமரத்த அறுத்துத் தள்ளி, பிரசவத்துக்குப் போன வண்டிக்கு வழி வுட்டாங்கம்மா, ஏழு பேருக்கும் சர்க்கார் வேலை, நிரந்தரம், ஆர்டர்கூட கையெழுத்தாகிக் கெடக்குது, ஆளத்தான் காணோம்."