மேனேஜரம்மாவின் தகர டப்பா

“எல்லாரும் போனை இதுல போடுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப எடுத்துக்கலாம். வீட்டுல அவசரம்னா ஆபீஸ் போன்ல கூப்பிடச் சொல்லுங்க. நான் எடுக்கறேன்.”

மேனேஜரம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேஜை மேல் வைத்ததும், மெஷின் சத்தத்தையும் மீறிக் கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது.

“நாங்க என்ன பள்ளிக்கூடப் பசங்களா?” என்றாள் இஸ்திரி அக்கா. அந்தக் கூடத்துக்கே அவள்தான் வாய்.

“சட்டம்னா சட்டம்.”

“எதுக்குச் சட்டம்? போன் பேசிக்கிட்டே யாராவது விரிப்பைக் கருக்கிட்டோமா?”

“காரணமெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க முடியாது.”

புதுசு மட்டும் மறுபேச்சு பேசாமல் போனை டப்பாவில் போட்டுவிட்டு மடிப்பு மேஜைக்குப் போனாள். புதிதாகக் கல்யாணமாகி, புதிதாக வேலைக்கு வந்த பெண். அதனால்தான் அந்தப் பெயர். அவள் புருஷன் வீடியோ காலில் வந்துகொண்டே இருப்பான். துணிக்கட்டில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் மடிப்பாள். “உன்னைப் பாக்காம உன் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காதோ?” என்று எல்லாரும் சீண்டுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

“பாருங்கடி, நமக்காக ஒரு வார்த்தை பேசறாளா?” என்று அக்கா பொருமினாள். தன் போனை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாளே முதலாளியை வரவழைத்துவிட்டார்கள். அக்கா துணி ஊறவைக்கும் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு போனைக் கொடி மாதிரி உயர்த்திக் காட்டினாள்.

“நான் குடுக்க மாட்டேன் முதலாளி. சட்டத்தை எடுங்க. இல்லேன்னா நாங்க எல்லாரும் வேலையை விட்டு நின்னுக்கறோம்.”

முதலாளி தலையைச் சொறிந்தார். “ஏம்மா, ஒரு காரணமாவது சொல்லுங்களேன்.”

“வேலை நேரத்துல வேலை. அவ்வளவுதான் சார்,” என்றார் மேனேஜரம்மா.

“அப்ப இதை ரத்து பண்ணிட...”

அதற்குள் வாசலில் சத்தம்.

“எங்கே அவ? நேத்து முழுக்கப் போனை எடுக்கல. இன்னைக்கும் எடுக்கல! கேட்டா, இங்க வாங்கி வச்சுக்கறாங்கன்னு கதை விடறா!”

புதுசின் புருஷன். அவள் கையிலிருந்த விரிப்பு கீழே விழுந்தது. முகம் வெளிறிப்போய், சுவரோடு ஒண்டினாள்.

மேனேஜரம்மா இருவருக்கும் நடுவில் போய் நின்றார். “அவ போன் என்கிட்ட இருக்கு. நேத்து அழுதா, கெஞ்சினா. நான்தான் தரல. இங்க யாருக்குமே போன் கிடையாது.”

புதுசு அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

“யாருக்குமே இல்லையா? இல்ல, இவ சொல்லிக் குடுத்த நாடகமா? யார்கூட நிக்கறா, யார்கூடச் சிரிக்கறான்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும். இவ போனை மட்டும் வாங்கி வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுது, இன்னையோட வேலை கிடையாது. வீட்டுல போட்டுப் பூட்டிடுவேன்.”

அவன் கண் ஒவ்வொருவர் கையாகப் போனது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சீண்டிச் சிரித்ததெல்லாம் நெஞ்சைக் குத்தியது. கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்த நேரம் பார்த்துப் போன் அதிர ஆரம்பித்தது. முதலில் அதிரும், அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி பாடும். புதுப் போன் வேறு.

அக்கா விரல்களைத் தளர்த்தினாள். பின்னால் சோப்புத் தண்ணீர் அதை விழுங்கிக்கொண்டது.

“ஏன்யா வயித்தெரிச்சலைக் கிளப்பறே?” என்று அவன் மேல் பாய்ந்தாள். “எல்லார் போனையும்தான் பிடுங்கிட்டா இந்த மகராசி. அதைத்தானே முதலாளிகிட்டச் சொல்லி அழுதுக்கிட்டிருக்கோம்! நீயாவது நியாயம் கேளு, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தலையாட்டினார்.

“ஆமாப்பா. கம்பெனி சட்டம். எல்லாருக்கும்தான்.”

எதையோ முனகிக்கொண்டே அவன் போய்விட்டான். புதுசு குனிந்து விரிப்பை எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரி மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். “சரி... மேனேஜரம்மா மேல ஏதோ புகார்னு சொன்னீங்களே?”

“ஆமா முதலாளி,” என்றாள் அக்கா, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே. “இந்தம்மாவுக்கு ரொம்ப இளகின மனசு. சட்டத்தை இன்னும் கொஞ்சம் கறாராப் போடச் சொல்லுங்க.”