நான்கு குரல்களுக்கு ஒரு பவர் சப்ளை

மறுபடியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஹாலில் உள்ள மைக்கில் அவர் அடிக்குரலில் பாடினால், படுக்கையறை மைக்கிலும் அது முனகலாக ஏறியது. இத்தனைக்கும் கதவைச் சாத்தியிருந்தார்.

கோளாறு அவரே செய்த பவர் சப்ளையில்தான். மைக்கின் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் ப்ரீஆம்புகள் நான்கு; அவற்றுக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்றே. ஒன்று அசைந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து ஆடின.

கடையில் விற்பதை வாங்கினால் என்ன கேடு என்று கேட்க வீட்டில் ஆளில்லை. இருந்தால் நன்றாகவே கேட்பார்கள்.

மனைவி பியூலாவும் இரண்டு பெண்களும் அயர்லாந்தில். கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். வந்தால் நான்கு பேரும் நான்கு குரலில் கீர்த்தனை பாடுவது வழக்கம். இந்த வருஷம் அதைப் பதிவு செய்துவிட வேண்டும். ஆளுக்கொரு அறையில், ஒருவர் குரலில் இன்னொருவர் கலக்காமல்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கலாம். அந்த ஆசைக்குத்தான் இவ்வளவு பாடு.

பொறுமையாக எல்லாவற்றையும் கழற்றினார். ஒவ்வொரு ப்ரீஆம்புக்கும் தனி ரெகுலேட்டர் வைத்தார். தனித்தனி கம்பி இழுத்தார்.

பாடிப் பதிவு செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

படுக்கையறையில் ஒன்றுமில்லை. மாடியில் ஒன்றுமில்லை. பின்னறையிலும் ஒன்றுமில்லை.

சந்தோஷத்தில் யாரையோ கூப்பிடத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் சின்னவள் ஹெப்சி போன் செய்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலையில் லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷம் யாரும் வரவில்லை.

"நீங்க ஒங்க பாட்ட மட்டும் பாடி அனுப்புங்கப்பா. எங்க பாட்ட இங்க பாடிச் சேத்துக்கிடுவோம்."

சரி என்றார். வேறென்ன சொல்வது.

மறுநாள் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார்.

நான்கு மைக்குகளையும் ஆன் செய்தார். மூன்று அறைக் கதவுகளையும் சாத்திவிட்டு ஹாலில் நின்று பாடினார். பியூலா மட்டும் தனியாகப் பாட வேண்டிய வரியில் நிறுத்தினார். அது முடியும்வரை காத்திருந்து, தன் இடத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

நான்கு பதிவுகளையும் அனுப்பினார்.

ஹெப்சி உடனே கூப்பிட்டாள்.

"ஒங்க பாட்டு நல்லா இருக்குப்பா. மத்த மூணுலயும் ஒண்ணுமே இல்லியே?"

"கடைசி வரைக்கும் கேட்டியா?"

"கேட்டேன்ப்பா. ஒரு சத்தமும் இல்ல. என்னதுப்பா அது?"

"ஒங்க மூணு பேருக்க ரூமு, மக்களே" என்றார்.