தோட்டாவுக்குப் பொருந்திய கை

கோயம்புத்தூர்த் துப்பாக்கிக் கடையில் செங்கோடன் மூன்றாவது தடவையாகக் கண்ணாடித் தட்டில் கையை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டி. கனமான தோட்டா, தூரத்து இலக்கைக் கிட்டே காட்டும் புது ஸ்கோப், ரைஃபிளைத் தாங்கும் இரட்டைக் கால் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனால் இப்போதெல்லாம் யார் கைக்கு எந்தத் தோட்டா என்று தேர்ந்தெடுப்பது தட்டின் வேலை. அது நாடியும் மூச்சும் பார்த்துவிட்டு, “இந்தக் கைக்குத் தோட்டா இல்லை” என்றது.

“பதினோரு வருசமாச் சுடறேனுங்க!” என்று விற்பனைப் பெண்ணிடம் எகிறினான்.

“தோட்டாவுக்கு அது தெரியாதுங்க சார். பொருந்தாத கையில வெடிக்காது.”

அவன் தட்டின் மேல் கழற்றிவைத்த கடிகாரத்தை எடுக்க, கூட வந்திருந்த மனைவி பூங்கோதை கை நீட்டினாள். விரல் பட்டதும் தட்டு பச்சையாக ஒளிர்ந்தது. தோட்டா, ஸ்கோப், இரட்டைக் கால் எல்லாம் மளமளவென்று அவள் பக்கம் வந்து சேர்ந்தன. ஸ்கோப்பை வாங்கிச் செங்கோடன் கண்ணை வைத்தான். ஒரே மங்கல். அது அவள் கண்ணுக்குத் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது.

“இவ பொட்டுவெடித் துப்பாக்கியக்கூடத் தொட்டதில்லையே!”

“மேடம் மூச்சு அப்படியே அசையாம நிக்குதுங்க” என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள் விற்பனைப் பெண். “ எங்க பயிற்சி எடுத்தீங்க?”

பூங்கோதை யோசித்தாள். “பயிற்சியெல்லாம் இல்லீங்க. இவரு சுடறப்பெல்லாம் பின்னால உக்காந்து மூச்சப் பிடிச்சுக்குவேன். அதுவும் பதினோரு வருசம் ஆச்சு.”

செங்கோடன் ஸ்கோப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். அவள் ஒரு தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஞாயித்துக்கிழமை எனக்குப் பின்னால வந்து உக்காருவீங்கதானே?”